போனிலேயே கட்டி முடிக்கும்படி இன்வாய்ஸ் அனுப்புவது எப்படி

நீங்கள் அனுப்பும் இன்வாய்ஸைக் கிளையன்ட் பெரும்பாலும் முதலில் பார்ப்பது போனில்தான். மீட்டிங் முடிந்து வெளியே வரும்போதோ, வண்டிக்குக் காத்திருக்கும்போதோ திறந்து பார்ப்பார். அந்த நிமிடத்திலேயே கட்டி முடிக்க முடிந்தால் விஷயம் தீர்ந்தது. முடியாவிட்டால் "அப்புறம் லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடிவிடுவார். அந்த "அப்புறம்" எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தாமதம் என்றதும் கிளையன்ட்டுக்கு மனமில்லை என்று நினைத்துவிடுகிறோம். பல நேரங்களில் காரணம் அதுவல்ல. கணக்கு எண்ணைப் பார்த்துத் தட்ட வேண்டும், பாதியில் மறந்து திரும்பி வர வேண்டும், தொகையைச் சரிபார்க்க மறுபடி பிடிஎஃபைத் திறக்க வேண்டும். கை எங்கே தட்டச்சுப் பலகைக்குப் போகிறதோ அங்கேதான் பணம் நிற்கிறது.

அதனால் ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸைத் திறந்ததிலிருந்து பணம் போகும் வரை, கிளையன்ட் தன் ரகசிய எண்ணையோ கைரேகையையோ தவிர வேறு எதையும் உள்ளிட வேண்டிவரக் கூடாது. கீழே சொல்வது எல்லாம் இதற்காகத்தான்.

கட்டப்போவது யார்?

வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். பணத்தை நீங்களே அனுப்புவீர்களா, கணக்குப் பிரிவு அனுப்புமா? வழக்கமாக எந்த வழியில் அனுப்புவீர்கள்? இந்தப் பதில் தெரியாமல் லிங்க், க்யூஆர் என்று எதைச் செய்தாலும் பாதி வீண்.

தனியாகத் தொழில் செய்பவர், சிறு நிறுவன உரிமையாளர் என்றால் இன்வாய்ஸைப் பார்ப்பவரும் பணம் கட்டுபவரும் ஒருவரே. போன் வழி முழுப் பலன் தருவது இவர்களிடம்தான். பெரிய நிறுவனமாக இருந்தால் உங்களுக்கு வேலை கொடுத்த மேலாளர் ஒப்புதல் மட்டும்தான் தருவார். பணத்தை ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் அனுமதிக்க, நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து வரும். அங்கே பேமென்ட் லிங்க் அனுப்பிப் பயனில்லை. அவர்களிடம் போனில் நடக்க வேண்டியது ஒப்புதல் ஒன்றுதான். மேலாளர் இரண்டே தட்டில் கணக்குப் பிரிவுக்கு ஃபார்வர்டு செய்யும்படி மெயிலை எழுதுங்கள். மெயில் தலைப்பிலேயே இன்வாய்ஸ் எண், தொகை, கடைசித் தேதி, அவர்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர் எண் எல்லாம் இருக்கட்டும். பிடிஎஃபை நேரடியாக இணையுங்கள். டிரைவ் லிங்க் கொடுத்தால் கணக்குப் பிரிவில் இருப்பவர் திறக்கும்போது அனுமதி கேட்டு நிற்கும், உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

பிடிஎஃபைப் போனுக்குத் தகுந்தபடி அமைப்பது

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். போன் திரையின் அகலம் ஏறக்குறைய 65 முதல் 70 மில்லிமீட்டர். அப்படியென்றால் உங்கள் இன்வாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் தெரியும். 10 புள்ளியில் அடித்த எழுத்து 3 புள்ளி சொச்சமாகிவிடும். கிளையன்ட் இரண்டு விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்துத்தான் படிக்க வேண்டும். தொகை வலது ஓரத்தில், கணக்கு எண் இடது கீழே என்று இருந்தால் இழுவை இரட்டிப்பு.

இன்வாய்ஸையே 100 மில்லிமீட்டர் அகலத்தில் செய்துவிடலாமே என்று தோன்றும். திரையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் பிரிவில் அச்சிடும்போது தாளின் நடுவில் ஒரு கீற்றாக விழும். அதைவிட ஏ4 அளவை அப்படியே வைத்துக்கொண்டு, மேல் மூன்றில் ஒரு பங்கைப் போனுக்கென்று ஒதுக்குவதே நல்லது. கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, இன்வாய்ஸ் எண், செலுத்தும் பொத்தான் ஆகிய நான்கும் அங்கே இருக்கட்டும். எழுத்து 24 புள்ளிக்குக் குறைய வேண்டாம், போனில் அது 8 புள்ளியாகத் தெரியும், பெரிதாக்காமலே படிக்கலாம். வேலை விவரம், வரி, முகவரிகள் எல்லாம் அதற்குக் கீழே வழக்கமான அளவில் வரட்டும். பக்கத்தின் மேல் கால்வாசியை லோகோவுக்குக் கொடுக்கும் டெம்ப்ளேட்டுகள் போனுக்கு ஆகாது.

பொத்தான் விரலுக்குச் சிக்க வேண்டும். போன் செயலிகளுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 44 புள்ளி, ஆண்ட்ராய்டில் 48 டிபி (இரண்டும் திரை அளவு அலகுகள், எழுத்துப் புள்ளி அல்ல). கண்ணளவில் திரை மேல் 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒன்றாகச் சுருங்குவதைக் கணக்கில் எடுத்தால், ஏ4 பக்கத்தில் பொத்தானின் உயரம் 21 அல்லது 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வடிவமைக்கும்போது அசிங்கமாகப் பெரிதாகத் தெரியும். போனில் பார்த்தால் சரியாக இருக்கும்.

பொத்தானில் லிங்க் வைத்தாகிவிட்டது என்று நம்பி அனுப்புவதில் மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, "பிரின்ட்" கட்டளை வழியாகப் பிடிஎஃப் எடுப்பது. அப்படி எடுக்கும்போது பொத்தான் படமாகத் தெரியும், லிங்க் பெரும்பாலும் போய்விடும். எக்ஸ்போர்ட் அல்லது "பிடிஎஃபாகச் சேமி" வழியைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கிளையன்ட் பார்ப்பது முன்னோட்டத்தை மட்டும். பல முன்னோட்டங்களில் லிங்க் வேலை செய்யாது. அதனால் அதே லிங்க் செய்தியின் உடலிலும் இருந்தே ஆக வேண்டும், இதற்கு விலக்கே கிடையாது. மூன்றாவது, எழுத்துரு. தமிழில் இன்வாய்ஸ் போடுபவர்கள் எழுத்துருவைப் பிடிஎஃபுக்குள் பொதித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கணினியில் சரியாகத் தெரிவது அவர் போனில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

கோப்புப் பெயரையும் கவனியுங்கள். "இன்வாய்ஸ் ஃபைனல் 2" என்று பெயர் வைத்தால் டவுன்லோடு ஃபோல்டரில் அது யாருடையது என்று ஒரு மாதம் கழித்துத் தெரியாது. உங்கள் பெயர், இன்வாய்ஸ் எண், மாதம் மூன்றும் இருந்தால் அவர் தேடினால் கிடைக்கும்.

லிங்க்: எல்லாம் ஒன்றல்ல

லிங்க் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. கோளாறுகளில் பாதி, தவறான வகையைத் தேர்ந்தெடுப்பதால் வருபவை.

முதல் வகை, பெயரை மட்டும் தாங்கிய லிங்க். பேபால் என்ற பணப் பரிமாற்றச் சேவையின் பேபால்.மீ இந்த வகை. கடைசியில் சாய்கோடு போட்டுத் தொகையையும் நாணயக் குறியீட்டையும் சேர்த்தால் தொகை நிரப்பப்பட்டே திறக்கும். அதைச் சேர்க்காமல் வெறும் பெயர் லிங்க் அனுப்பினால் கிளையன்ட் தொகையைத் தட்ட வேண்டும், நாணயத்தை மாற்றித் தட்டவும் வாய்ப்புண்டு. சேர்த்தாலும் இதில் இன்வாய்ஸ் எண் ஒட்டி வராது. எந்தப் பணம் எந்த வேலைக்கு என்று நீங்கள்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். மாதம் இரண்டு மூன்று இன்வாய்ஸ் போடுபவருக்கு இது போதும்.

இரண்டாம் வகை, பேமென்ட் கேட்வே (இணையத்தில் கார்டு போன்ற வழிகளில் பணம் வாங்கித் தரும் சேவை) தரும் லிங்க். ஸ்ட்ரைப் போன்றவற்றில் இரண்டு விதம் இருக்கிறது, இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. "பேமென்ட் லிங்க்" என்பது நீங்கள் நிறுத்தும் வரை உயிரோடு இருக்கும். "செக்அவுட் செஷன்" (ஒருமுறை கட்டுவதற்காகத் திறக்கும் பக்கம்) முகவரி அதிகபட்சம் 24 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். செக்அவுட் பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் முகவரியைக் காப்பி செய்து கிளையன்ட்டுக்கு அனுப்புபவர்கள் உண்டு. அன்றே கட்டினால் சரி. மறுநாள் திறந்தால் பக்கம் செத்திருக்கும், "லிங்க் வேலை செய்யவில்லை" என்று பதில் வரும். மறுபுறம், நிலையான பேமென்ட் லிங்க்கை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதால் ஒரே இன்வாய்ஸுக்கு இருமுறை கட்டவும் வழி இருக்கிறது. ஒரு கட்டணம் வந்ததும் நின்றுவிடும்படி வரம்பு வைக்கும் வசதி இருக்கும், அதை வைத்துவிடுங்கள்.

மூன்றாம் வகை, இன்வாய்ஸ் மென்பொருளே உருவாக்கும் பக்கம். ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் தனிப் பக்கம், தொகை நிரப்பியே இருக்கும், கட்டியதும் "செலுத்தப்பட்டது" என்று மாறும், ரசீதும் தானே போகும். வழக்கமாக இன்வாய்ஸ் அனுப்புபவர்கள் இதற்கே போய்விடுவது நல்லது. மற்ற இரண்டிலும் மிச்சமாகும் கட்டணத்தை, பணத்தைப் பொருத்திப் பார்க்கும் நேரம் தின்றுவிடும்.

எந்த வகையாக இருந்தாலும் கிளையன்ட்டைக் கணக்குத் தொடங்கச் சொல்லும் பக்கமாக இருக்கக் கூடாது. "முதலில் பதிவு செய்யவும்" என்ற திரை வந்தால் போனில் பெரும்பாலோர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அமைப்புகளுக்குள் போய் விருந்தினராகக் கட்டும் வசதியைத் திறந்துவிடுங்கள். பில்லிங் முகவரி, தொலைபேசி எண் போன்ற கட்டாயப் புலங்களில் தேவையில்லாதவற்றை எடுத்துவிடுங்கள். ஆப்பிள் பே, கூகுள் பே இரண்டையும் இயக்கி வைத்தால் கார்டின் 16 இலக்கத்தைத் தட்டும் வேலையே மிச்சம்.

பக்கத்தை நீங்களே செய்பவராக இருந்தால் ஒரு சின்னக் குறிப்பு. ஐபோனின் சஃபாரியில் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், அதைத் தொட்டதுமே பக்கம் தானாகப் பெரிதாகி பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். 16 வைத்தால் போதும், பிரச்சினை இல்லை.

க்யூஆர் கோடு: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். இன்வாய்ஸில் க்யூஆர் போட்டுவிட்டால் போனில் கட்டுவது சுலபம் என்று எண்ணம். ஆனால் இன்வாய்ஸையே போனில் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்தக் க்யூஆரை எதை வைத்து ஸ்கேன் செய்வார்? அவரிடம் இருப்பது அந்த ஒரு போன்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செயலியைத் திறந்து, கேலரியிலிருந்து ஏற்ற வேண்டும். கேலரியிலிருந்து ஏற்றும் கோடுகளுக்குத் தொகை வரம்பு வைத்திருக்கும் செயலிகளும் உண்டு. க்யூஆர் என்பது இன்வாய்ஸைக் கணினித் திரையிலோ தாளிலோ பார்ப்பவருக்கு. போனில் பார்ப்பவருக்கு லிங்க். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

க்யூஆருக்குள் என்ன இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் யூரோ பரிமாற்றத்துக்கு ஐரோப்பியப் பேமென்ட்ஸ் கவுன்சில் வகுத்த வடிவம் இருக்கிறது. பெறுபவர் பெயர், ஐபான் எண் (சர்வதேச வடிவிலான வங்கிக் கணக்கு எண்), தொகை, குறிப்பு எல்லாம் வரி வரியாக அடங்கும். மொத்தம் 331 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, பிழைதிருத்த அளவு (கோடு சிதைந்தாலும் எவ்வளவு தூரம் படிக்க முடியும் என்பது) எம் ஆக இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2020 ஜூன் 30 முதல் க்யூஆர் பில் வந்து, 2022 செப்டம்பர் 30-உடன் பழைய செலுத்துச் சீட்டுகள் நின்றன. அங்கே கோடு 46 மில்லிமீட்டர் சதுரம், நடுவில் சுவிஸ் சிலுவை, இதில் சொந்த அலங்காரத்துக்கு இடமே இல்லை. இந்தியாவில் யூபிஐ கோடு ஒரு முகவரி வரிதான். பெறுபவர் ஐடி, பெயர், தொகை, நாணயம், குறிப்பு ஆகியவை அதில் அடுத்தடுத்து வரும். சிங்கப்பூரின் பேநவ், மலேசியாவின் டியூட்நவ், இலங்கையின் லங்காக்யூஆர் மூன்றும் கார்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஈஎம்விகோ வகுத்த வடிவத்தில் அமைந்தவை.

ஈஎம்விகோ கோடுகளில் ஒரு கண்ணி உண்டு. உள்ளே ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு புல எண் இருக்கும். 53 நாணயம், 54 தொகை. கடைசியில் வரும் 63-ஆம் புலம் நான்கு எழுத்துச் சரிபார்ப்புக் குறியீடு, முன்னால் உள்ள எல்லா எழுத்துகளையும் வைத்துக் கணக்கிடப்படுவது. பழைய கோடை எடுத்துத் தொகையை மட்டும் கையால் மாற்றிப் புதிய க்யூஆர் செய்தால் இந்தக் குறியீடு பொருந்தாது, செயலி "தவறான கோடு" என்று தள்ளிவிடும். ஆகவே தொகையோடு கூடிய கோடை எப்போதும் வங்கிச் செயலியிலோ முறையான கருவியிலோ புதிதாக உருவாக்குங்கள்.

இணையத்தில் இலவசமாகக் க்யூஆர் செய்து தரும் தளங்களில் "டைனமிக்" என்று வருவதைத் தவிருங்கள். அது உங்கள் லிங்க்கை நேராகப் பொதிக்காமல் அவர்கள் முகவரி வழியாகத் திருப்பிவிடும். இலவசக் காலம் முடிந்ததும், ஏற்கெனவே அனுப்பிய இன்வாய்ஸ்களில் உள்ள கோடுகள் எல்லாம் ஒரே நாளில் செத்துவிடும்.

அளவு பற்றிச் சொல்வதானால், எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு. மேசையில் இருக்கும் தாளையோ லேப்டாப்பையோ 30 சென்டிமீட்டரிலிருந்து காட்டுவார்கள் என்றால் 3 சென்டிமீட்டர். சுற்றிலும் வெற்று வெள்ளை ஓரம் நான்கு கட்ட அகலம் இருக்க வேண்டும். இதை வெட்டித்தான் டிசைனர்கள் கோடைக் கெடுப்பார்கள். நடுவில் லோகோ வைக்க ஆசையிருந்தால் பிழைதிருத்த அளவை எச் ஆக்குங்கள், அது ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் தாங்கும். எம் என்றால் 15 சதவீதம்தான். ஆனால் எச் போட்டால் கட்டங்கள் அதிகமாகி ஒவ்வொன்றும் சிறுத்துவிடும், அப்போது கோடையும் பெரிதாக்க வேண்டும். இன்வாய்ஸில் லோகோ ஏற்கெனவே மேலே இருக்கிறது, கோடுக்குள் இன்னொன்று எதற்கு?

பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கோடைச் சேமிக்கவே வேண்டாம். கிளையன்ட் போனில் டார்க் மோடு இருந்தால், மெயிலில் கறுப்புக் கட்டங்கள் கறுப்புப் பின்னணியில் மறைந்துபோகும். வெள்ளைப் பின்னணி படத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெள்ளைக் கட்டம் கறுப்புப் பின்னணி என்று புரட்டிப் போட்டாலும் சில ஸ்கேனர்கள் படிக்காது.

வங்கி மாற்றம்தான் வேண்டும் என்பவருக்கு

கார்டு கட்டணம் பிடிக்காது, வாலட் வேண்டாம், நேராகக் கணக்குக்கே அனுப்புகிறேன் என்பவர்கள் நிறையப் பேர். இவர்களுக்கு லிங்க் உதவாது. ஆனாலும் தட்டச்சைக் குறைக்கலாம்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்துக் காப்பி கொடுத்தால் முழுச் செய்தியும் காப்பியாகும். "பெயர்: இது, வங்கி: அது, கணக்கு எண்: இது" என்று ஒரே செய்தியில் ஐந்து வரி அனுப்பினால், கிளையன்ட் அதை வங்கிச் செயலியில் ஒட்டிவிட்டுத் தேவையில்லாததை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். அதற்குப் பதில், ஒவ்வொரு தகவலையும் தனிச் செய்தியாக அனுப்புங்கள். கணக்கு எண் ஒரு செய்தி; அதில் எண்ணைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், "கணக்கு எண்" என்ற சொல்கூட வேண்டாம். கிளைக் குறியீடு ஒரு செய்தி. இன்வாய்ஸ் எண் ஒரு செய்தி. அழுத்து, காப்பி, ஒட்டு. இதைச் செய்ய உங்களுக்குப் பத்து விநாடி கூடுதலாகும், எண் தப்பாகப் போகும் அபாயம் அடியோடு குறையும்.

ஐபான் எண்ணைத் தாளில் நான்கு நான்காகப் பிரித்து எழுதுவது வழக்கம். கண்ணால் படிக்க அது நல்லதே. போனில் காப்பி செய்ய இடைவெளி இல்லாமல் கொடுங்கள். இடைவெளியோடு ஒட்டினால் எண்ணின் கடைசிப் பகுதியை வெட்டிவிடும் பெட்டிகள் இருக்கின்றன.

பெயர் இன்னொரு முட்டுக்கட்டை. இன்வாய்ஸில் தொழில் பெயர், வங்கிக் கணக்கில் உங்கள் சொந்தப் பெயர் என்றிருந்தால், அனுப்பும் நேரத்தில் வங்கிச் செயலி வேறு பெயரைக் காட்டும். யூரோ மண்டலத்தில் 2025 அக்டோபர் 9 முதல் வங்கிகள் பெறுபவர் பெயரைச் சரிபார்த்துச் சொல்வது கட்டாயம். யூபிஐ செயலிகளும் கட்டுவதற்கு முன் வங்கியில் பதிவான பெயரைக் காட்டும். பெயர் பொருந்தாவிட்டால் எச்சரிக்கையான கிளையன்ட் நிறுத்திவிடுவார், அவர் செய்வது சரிதான். இன்வாய்ஸின் மேல்பகுதியிலேயே "வங்கிக் கணக்கில் உள்ள பெயர்" என்று ஒரு வரி சேர்த்தால் இந்தத் தயக்கம் வராது.

கணக்கை மாற்றினால் மட்டும் வெறும் செய்தியில் அறிவிக்காதீர்கள். மெயிலைக் கைப்பற்றி "எங்கள் புதிய கணக்கு எண்" என்று அனுப்பி ஏமாற்றுவது உலகெங்கும் நடக்கும் மோசடி. நீங்களே போன் செய்து சொல்லுங்கள். "கணக்கு மாறினால் கட்டாயம் போனில் பேசிச் சொல்வேன், மெயிலில் மட்டும் வந்தால் நம்ப வேண்டாம்" என்று முதல் இன்வாய்ஸிலேயே எழுதி வையுங்கள்.

செய்தியை எப்படி எழுதுவது

கிளையன்ட் போனில் முதலில் வருவது அறிவிப்பு வரிதான். அதில் தெரிவது முதல் சில சொற்கள் மட்டும். "அன்புள்ள ஐயா, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்று தொடங்கினால் அந்த இடம் போய்விட்டது. வணக்கம் ஒரு சொல், உடனே விஷயம்:

"வணக்கம். இன்வாய்ஸ் கேஎம்0147, வெப்சைட் முகப்புப் பக்கம், 18,500. கடைசித் தேதி மார்ச் 14. இங்கே கட்டலாம்:" என்று எழுதி, அடுத்த வரியில் லிங்க். பிடிஎஃப் இணைப்பு. அவ்வளவுதான்.

லிங்க் தனி வரியில் இருக்கட்டும், பின்னால் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். சில செயலிகள் அந்தப் புள்ளியையும் முகவரியில் சேர்த்துவிடும், பக்கம் திறக்காது. சுருக்கிய லிங்க்குகளையும் தவிருங்கள். எங்கே போகிறது என்று தெரியாத லிங்க்கில் பணம் கட்டக் கூடாது என்றுதான் எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். யூபிஐ என்று தொடங்கும் நேரடி முகவரியைச் செய்தியில் போட்டால் பல செயலிகள் அதை வெறும் எழுத்தாகவே காட்டும், தொட முடியாது. ஐபோனில் அது திறந்தாலும், எந்தச் செயலி திறக்கும் என்பது கிளையன்ட் கையில் இல்லை. சாதாரண இணையப் பக்கம் ஒன்றில் பொத்தானாக வைத்து அந்தப் பக்கத்தின் முகவரியை அனுப்புவதே நிலையான வழி.

எஸ்எம்எஸ் அனுப்புபவர்கள் எழுத்து எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70 தான். அதிலும் மெய்யெழுத்து, உயிர்மெய் எல்லாம் பெரும்பாலும் இரண்டு இடம் பிடிக்கும். நீண்டால் செய்தி துண்டாகும். எல்லாப் போன்களும் துண்டுகளை ஒட்டிக் காட்டும் என்றாலும் செலவு துண்டுக் கணக்கில்தான். தமிழ் எஸ்எம்எஸ் என்றால் தொகை, தேதி, லிங்க் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நினைவூட்டலிலும் லிங்க் மறுபடி இருக்க வேண்டும். "போன வாரம் அனுப்பியதைப் பாருங்கள்" என்றால் அவர் மேலே தேடிக்கொண்டே போக வேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு ஒன்று, அன்றே ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் போன் செய்து பேசுங்கள், லிங்க்கால் தீராத காரணம் ஏதோ இருக்கிறது.

தொகை பொருந்தாத இடங்கள்

தொகையைப் பூட்டி வைத்த லிங்க் எல்லா நேரமும் சரிவராது. கிளையன்ட் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கும் இடங்களில், முழுத் தொகை பூட்டிய லிங்க்கைப் பார்த்ததும் அவர் கட்டாமல் நிறுத்திவிடுவார், அல்லது பிடித்தம் செய்யாமல் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பார். முன்கூட்டியே கேட்டு, இன்வாய்ஸில் மொத்தம், பிடித்தம், அனுப்ப வேண்டியது என்று மூன்றையும் காட்டி, கடைசித் தொகைக்கு லிங்க் செய்யுங்கள்.

செயலிகளின் வரம்பும் குறுக்கே வரும். யூபிஐயில் தனிநபருக்கு அனுப்பும் வழக்கமான வரம்பு 1 லட்சம் ரூபாய். சில வங்கிகள் அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கும். புதிதாகச் சேர்த்த பெறுபவருக்கு முதல் நாளில் குறைந்த தொகை மட்டும் அனுமதிக்கும் வங்கிச் செயலிகள் பல. பெரிய தொகையென்றால் இரண்டு தவணையாகப் பிரித்து, இன்வாய்ஸ் எண்ணின் கடைசியில் ஏ, பி என்று சேர்த்து இரண்டு எண், இரண்டு லிங்க் கொடுங்கள். இல்லையென்றால் வங்கி மாற்றத்தையே முதல் வழியாகச் சொல்லுங்கள். இந்தியாவில் தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் "கலெக்ட்" கோரிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய பழக்கத்தில் கோரிக்கை அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் க்யூஆருக்கோ லிங்க்குக்கோ மாற வேண்டும்.

இன்வாய்ஸ் எண்ணைப் பொறுத்தவரை, குறிப்புப் பெட்டியில் ஒட்டக்கூடியதாக இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் மட்டும், 12 இடத்துக்குள். சாய்கோடு, ஹேஷ் குறி போன்றவற்றை ஏற்காத வங்கிகள் உண்டு. தமிழ் எழுத்தில் குறிப்பு எழுதினால் ஸ்டேட்மென்ட்டில் கேள்விக்குறிகளாக வரலாம். பூஜ்யத்தோடு குழம்பும் ஆங்கில ஓ எழுத்தையும், ஒன்றோடு குழம்பும் ஐ எழுத்தையும் எண்ணில் சேர்க்காதீர்கள்.

அனுப்பும் முன் சோதனை

நீங்களே ஒரு சிறு தொகைக்கு இன்வாய்ஸ் உருவாக்கி, வேறு ஒருவர் போனில் கட்டிப் பாருங்கள். உங்கள் போன் ஆகாது. அதில் நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பீர்கள், கிளையன்ட் பார்க்கும் திரை உங்களுக்கு வராது. ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். டார்க் மோடிலும் ஒருமுறை.

முக்கியமாக, லிங்க்கை உலாவியில் ஒட்டித் திறக்காமல், வாட்ஸ்அப்பிலிருந்தும் மெயிலிலிருந்தும் தொட்டுத் திறந்து பாருங்கள். பல செயலிகள் லிங்க்கைத் தங்களுக்குள்ளேயே ஒரு சிறு உலாவியில் திறக்கும். அதில் ஆப்பிள் பே, கூகுள் பே போன்ற வாலட் பொத்தான்கள் சில நேரம் தோன்றாது. அதைவிடப் பெரிய தொல்லை, ஓடிபிக்காகவோ ஒப்புதலுக்காகவோ வங்கிச் செயலிக்குப் போய்த் திரும்பும்போது அந்த உள் உலாவி பக்கத்தை மறுபடி ஏற்றிவிடும். பணம் போனதா இல்லையா என்று கிளையன்ட்டுக்குத் தெரியாது. ஒன்று விட்டுவிடுவார், இல்லையென்றால் மறுபடி கட்டுவார். சோதனையில் இப்படி நடந்தால் லிங்க்குக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்: "பக்கம் நின்றுவிட்டால் மூன்று புள்ளியைத் தொட்டு, உலாவியில் திறக்கவும். மறுபடி கட்டும் முன் எனக்கு ஒரு செய்தி அனுப்பவும்."

கட்டிய பிறகு

பணம் வந்த அன்றே ரசீது போக வேண்டும். மென்பொருள் தானாக அனுப்பினாலும், கிளையன்ட் எந்த வழியில் இன்வாய்ஸைப் பெற்றாரோ அதே வழியில் "கேஎம்0147 வந்துவிட்டது, நன்றி" என்று ஒரு வரி அனுப்புங்கள். லிங்க்கை நிறுத்துங்கள். தானாகப் போகும் நினைவூட்டல் அணைந்ததா என்றும் பாருங்கள். வங்கி மாற்றத்தில் வந்த பணத்தை மென்பொருள் தானாக அறியாது, நீங்கள் குறிக்காவிட்டால் கட்டி முடித்தவருக்கே மறுநாள் நினைவூட்டல் போய்ச் சேரும்.

மாதாமாதம் ஒரே தொகை கட்டுபவர் என்றால் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் போன பின் தானியங்கிக் கட்டணத்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். ஒருமுறை போனில் ஒப்புதல் கொடுத்தால் போதும். முதல் மாதமே கேட்காதீர்கள், நம்பிக்கை வரும் முன் கேட்டால் தயங்குவார்கள்.

இருமுறை பணம் வந்துவிட்டால் கிளையன்ட் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். கேட்வே வழியாக வந்ததை அதே கேட்வேயின் ரீஃபண்ட் வசதியிலேயே திருப்புங்கள், வங்கிக் கணக்கிலிருந்து தனியாக அனுப்ப வேண்டாம். தனியாக அனுப்பினால் அது வேறொரு பரிவர்த்தனையாகப் பதிவாகி, பின்னால் கிளையன்ட்டின் கார்டு நிறுவனமும் அதே தொகையைத் திரும்பக் கேட்டால் நீங்கள் இரண்டு முறை கொடுத்திருப்பீர்கள். ரீஃபண்ட் அவர் கணக்குக்குப் போய்ச் சேரச் சில வேலை நாட்கள் ஆகும் என்பதையும், அதன் குறிப்பு எண்ணையும் அதே செய்தியில் சேர்த்து அனுப்புங்கள்.